ஜெர்மனி எக்ஸ்சேஞ்ச் வருஷம் முடியப் போகுதா? ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி அங்கேயே முடிச்சிட்டு வர வேண்டியதெல்லாம்

அக்டோபர்ல வின்டர் செமஸ்டருக்குப் போய் இறங்குன பசங்களுக்கு இந்த சம்மர் செமஸ்டரோட வருஷம் முடியுது. ஜூலைல கிளாஸ் முடியும், உடனே எக்ஸாம், ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பரோ ஃப்ளைட். எல்லாரும் முதல்ல கேக்குறது சூட்கேஸ்ல எத்தனை கிலோ விடுவாங்கன்னு தான். அதைக் கடைசி வாரம் பாத்துக்கலாங்க. இப்ப யோசிக்க வேண்டியது எந்தெந்த வேலையை இந்தியாவுல உக்காந்துட்டு செய்யவே முடியாது, செஞ்சாலும் மாசக்கணக்கா இழுக்கும்னு தான். அங்க நேர்ல போனா அரை மணி நேரத்துல கைக்கு வந்துடுற ஒரு பேப்பரை, இங்க வந்தப்புறம் கேட்டா மெயில் மேல மெயில் போட்டு, ஆள் லீவுல இருக்காங்கன்னு ஆட்டோ ரிப்ளை வந்து, ஒரிஜினல் கையெழுத்தோட தபால்ல அனுப்புன்னு சொல்லி, பொங்கல் தாண்டியும் ஓடிட்டு இருக்கும். நான் இருந்தது டிரெஸ்டன்ல, அதனால ஊரைப் பத்தி வர்ற இடமெல்லாம் டிரெஸ்டன் தான், ரூல் சம்பந்தமா சொல்றது பெரும்பாலும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல்ல வீடு, ஏன்னா இதுல தான் காலண்டர் கழுத்தைப் பிடிக்கும். தனியார் வீட்டுல தேதி போடாத சாதாரண கான்ட்ராக்ட்ல இருந்தீங்கன்னா மூணு மாச நோட்டீஸ் குடுக்கணும், அதுவும் அந்த மாசத்தோட மூணாவது வேலை நாளுக்குள்ள ஓனர் கையில லெட்டர் போய்ச் சேரணும், அப்ப தான் அந்த மாசத்தையும் சேத்து எண்ணுவாங்க. ஆகஸ்ட் கடைசில காலி பண்ணணும்னா ஜூன் முதல் வாரத்துலேயே லெட்டர் போயிருக்கணும், ஒரு நாள் தள்ளிப் போனாலும் செப்டம்பர் வாடகை உங்க தலையில தான். மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ சொன்னா செல்லாது, பேப்பர்ல பேனாவால கையெழுத்து போட்டிருக்கணும். நேர்ல குடுத்து இன்னொரு காப்பில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கோங்க, இல்லைன்னா ரெஜிஸ்டர்ட் போஸ்ட். ஸ்டூடன்ட் ஹாஸ்டல்ல இருக்கவங்களுக்கு பெரும்பாலும் கான்ட்ராக்ட்லயே முடியுற தேதி இருக்கும், நிறைய இடத்துல அது செப்டம்பர் 30. நீங்க ஆகஸ்ட் ஆரம்பத்துலேயே கிளம்புனா மிச்ச வாடகை என்ன ஆகும், உங்களுக்குப் பதிலா வேற ஆளை வைக்கலாமான்னு ஹாஸ்டல் ஆஃபீஸ்ல மே மாசமே கேட்டுடுங்க. ஃப்ளைட் டிக்கெட்டை இதுக்கப்புறம் போடுறது நல்லது.

அடுத்தது படிப்பு பேப்பர், எனக்கு இது தான் ரொம்ப முக்கியம், கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

போகும்போது ரெண்டு காலேஜும் சேந்து போட்ட லேர்னிங் அக்ரிமென்ட்ல, அதாவது என்னென்ன கோர்ஸ் படிக்கப் போறீங்கன்னு ஒத்துக்கிட்ட பேப்பர்ல, இருக்க சப்ஜெக்டும் இப்ப நிஜமா நீங்க படிச்சு எக்ஸாம் எழுதுற சப்ஜெக்டும் ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணா இருக்காது, ஏன்னா அங்க போனப்புறம் டைம் டேபிள் இடிச்சிருக்கும், இல்ல அந்த கோர்ஸ் ஜெர்மன்ல மட்டும் தான்னு தெரிஞ்சிருக்கும், மாத்தியிருப்பீங்க. மாத்துனதுக்கு ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கணும், நம்ம காலேஜ் ஹெச்ஓடி கையெழுத்தும் சேத்து. இதை அங்க இருக்கும்போதே முடிக்கலைன்னா திரும்பி வந்து கிரெடிட் ட்ரான்ஸ்ஃபர்னு நிக்கும்போது இந்த கோர்ஸ் எங்க லிஸ்ட்லயே இல்லையேன்னு சொல்லுவாங்க, அந்த நேரத்துல உங்க பக்கம் பேச அங்க இருந்து ஒருத்தரும் வரமாட்டாங்க.

ட்ரான்ஸ்கிரிப்ட் உடனே வராது. கடைசி எக்ஸாம் மார்க் போடவே சில வாரம் ஆகும், சில புரொஃபசர் அதுக்கும் மேல எடுத்துக்குவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ஆஃபீஸ் போய் ட்ரான்ஸ்கிரிப்ட் யார் போடுவாங்க, மெயில்ல வருமா சீல் வச்சு தபால்ல வருமா, எந்த அட்ரஸுக்குன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நம்ம காலேஜ் சீல் வச்ச ஒரிஜினல் கேக்குமா பிடிஎஃப் போதுமான்னு இந்தப் பக்கமும் கேளுங்க. அப்புறம் மார்க் விஷயம், அங்க 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம்ம சைடுல சிஜிபிஏ 10க்கு பாத்துப் பழகுன கண்ணுக்கு 1.7ன்னு பாத்தா பக்குன்னு இருக்கும், ஆனா அது நல்ல மார்க். கிரேடிங் ஸ்கேலை விளக்குற ஒரு பக்கத்தை ட்ரான்ஸ்கிரிப்ட்டோட சேத்துத் தரச் சொல்லுங்க, பெரும்பாலும் ரெடியாவே வச்சிருப்பாங்க.

இப்ப சொல்றதை யாரும் சொல்லித் தர்றதில்ல. நீங்க படிச்ச ஒவ்வொரு கோர்ஸுக்கும் மாடியூல் ஹேண்ட்புக்ல ஒரு பக்கம் இருக்கும், சிலபஸ், எத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பால கிரெடிட்டை எண்ணுற கணக்கு), எப்படி எக்ஸாம்னு எல்லாம் அதுல இருக்கும். அந்தப் பக்கங்களை எல்லாம் பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க. கிரெடிட் ட்ரான்ஸ்ஃபருக்கு கேப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணும்போதும் கேப்பாங்க, அப்ப வெப்சைட்ல புது வெர்ஷன் தான் இருக்கும். அதே மாதிரி யுனிவர்சிட்டி போர்ட்டல் லாகினும் மெயிலும் எக்ஸ்மாட்ரிகுலேஷனுக்கு, அதாவது யுனிவர்சிட்டில இருந்து பேரை எடுத்ததுக்கு, அப்புறம் கொஞ்ச நாள்ல மூடிடுவாங்க. லெக்சர் ஸ்லைடு, அசைன்மென்ட், லேப் ரிப்போர்ட், ரெண்டு செமஸ்டரோட என்ரோல்மென்ட் சர்டிஃபிகேட், எல்லாத்தையும் இறக்கி ரெண்டு இடத்துல வைங்க. அந்த மெயில் ஐடி குடுத்து ரிஜிஸ்டர் பண்ணின அக்கவுன்ட் ஏதாவது இருந்தா இப்பவே சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க.

ரெகமண்டேஷன் லெட்டர் வேணும்னா புரொஃபசரை நேர்ல பாருங்க, ஸ்ப்ரெஹ்ஷ்டுண்டன்னு வாரத்துல ஒரு நேரம் வச்சிருப்பாங்க. நீங்க அவர்கிட்ட என்ன பண்ணீங்க, என்ன ப்ராஜெக்ட், என்ன மார்க், அடுத்து என்ன படிக்கப் போறீங்கன்னு ஒரே பக்கத்துல எழுதி எடுத்துட்டு போங்க. முகம் ஞாபகம் இருக்கும்போது எழுதுற லெட்டருக்கும், ஒன்றரை வருஷம் கழிச்சு மெயில்ல கெஞ்சி வாங்குற லெட்டருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. லேப்ல ஹிவியாவோ (ஸ்டூடன்ட் அசிஸ்டன்ட்) கம்பெனில வெர்க்ஸ்டூடன்ட்டாவோ (படிச்சிட்டே பகுதிநேர வேலை) வேலை பாத்திருந்தா ஆர்பைட்ஸ்ஸொய்க்னிஸ், அதாவது வேலை பாத்ததுக்கான சர்டிஃபிகேட், கேளுங்க, அது உங்க உரிமை, சட்டத்துலயே இருக்கு. சும்மா எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு மட்டும் போட்டது வேண்டாம், என்ன வேலை, எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதுற விரிவான வகையைக் கேளுங்க, குவாலிஃபிசியெர்ட்னு சொன்னா அவங்களுக்குப் புரியும்.

ஜெர்மன் ஓரளவு வந்துடுச்சுன்னா யுனிவர்சிட்டி லாங்குவேஜ் சென்டர்லயே ஒரு சர்டிஃபிகேட் எக்ஸாம் எழுதிட்டு வாங்க. தினமும் காதுல விழுந்துட்டு இருக்கும்போது எழுதுறது சுலபம்.

இப்ப ரூம் காலி பண்றது. டெபாசிட் சட்டப்படி அதிகபட்சம் மூணு மாச கோல்ட் ரென்ட், அதாவது ஹீட்டிங் மாதிரி செலவு சேக்காத வெறும் வாடகை, வரைக்கும் வாங்கலாம், சின்னக் காசு கிடையாது, அதனால கடைசி வாரத்துல ரெண்டு நாள் இதுக்குன்னே ஒதுக்குங்க. பில்டிங்கைப் பாத்துக்குற ஹாவுஸ்மைஸ்டர் வந்து பாக்கும்போது எங்க பாப்பாருன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அடுப்புக்கு மேல இருக்க எக்ஸாஸ்ட் ஃபில்டரைக் கழட்டிப் பாப்பாரு, நம்ம தாளிப்பு எண்ணெய் மொத்தமும் ஒரு வருஷமா அங்க தான் போய் உக்காந்திருக்கும், சுடுதண்ணி, டிஷ் லிக்விட்ல ஒரு ராத்திரி ஊற வைங்க. பேக்கிங் ஓவனுக்கு உள்ள ட்ரேக்கு அடியில பாப்பாரு. பாத்ரூம்ல குழாய், ஷவர் கண்ணாடில வெள்ளையா படிஞ்சிருக்க சுண்ணாம்புக் கறை, அதுக்கு டிஎம், ரோஸ்மன் மாதிரி கடைல சிட்ரிக் ஆசிட் பவுடர் ரொம்பக் கம்மி விலைல கிடைக்கும், கரைச்சு ஒரு துணில நனைச்சு குழாயைச் சுத்தி வச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சு தேச்சா வந்துடும். மார்பிள்ல மட்டும் படவிடாதீங்க, அரிச்சிடும். ஜன்னல் ஓரத்து ரப்பர்ல கறுப்பா பூஞ்சை இருக்கான்னு விரல் வச்சுப் பாப்பாரு. வெள்ளை கவுன்டர் டாப்ல மஞ்சள் கறை இருந்தா பயப்படாதீங்க, முடிஞ்ச வரை தேச்சிட்டு வெயில் படுற மாதிரி ஸ்க்ரீனைத் திறந்து விடுங்க, மஞ்சள் நிறம் வெளிச்சத்துல நாளாக நாளாக வெளுத்துடும், அதனால கடைசி நாள் வரைக்கும் விட்டுவைக்காம ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டைக்கு பாவ்மார்க்ட்ல (வீட்டு ரிப்பேர் சாமான் கடை) ட்யூப்ல புட்டி விக்கும்.

சாவி குடுக்குற அன்னைக்கு ஊபர்காபெப்ரோட்டோகோல்னு, ரூம் எந்த நிலைல இருக்குன்னு எழுதுற ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க. முழுசா படிச்சிட்டுப் போடுங்க, புரியலைன்னா ஃபோன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாக்குற வரைக்கும் அவங்க நிக்கட்டும், தப்பே இல்ல. நீங்க குடி வரும்போதே இருந்த கீறல் உங்க மேல எழுதியிருந்தா அங்கேயே சொல்லுங்க, வந்தப்ப எடுத்த ஃபோட்டோவைக் காட்டுங்க. எல்லா ரூமையும் வீடியோ எடுங்க, கரன்ட் மீட்டர் நம்பரையும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. எத்தனை சாவி திருப்பிக் குடுத்தீங்கன்னு அந்தப் பேப்பர்ல இருக்கணும், ஏன்னா ஒரு சாவி தொலைஞ்சா சில பில்டிங்ல பூட்டு சிஸ்டத்தையே மாத்துற செலவைக் கேப்பாங்க.

சாமான் விஷயத்துல என் கருத்து, கொண்டு வர்றதைக் குறைங்க. குக்கர், மிக்ஸி, தவா, பாதி அரிசி மூட்டை எல்லாம் அக்டோபர்ல வரப்போற ஜூனியர்ஸுக்கு விட்டுட்டு வாங்க, அவங்களுக்கு முதல் வாரம் அது தான் உயிர், ஊர்ல ஒரு சீனியர் வீட்டு பேஸ்மென்ட்ல வச்சிட்டா போதும். சைக்கிள் வித்தா யாருக்கு எப்ப வித்தீங்கன்னு ஒரு சின்னப் பேப்பர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. தூக்கிப் போட வேண்டிய பெரிய சாமான்னா முனிசிபாலிட்டி வந்து எடுத்துட்டுப் போற ஷ்பெர்முல் சர்வீஸ் புக் பண்ணணும், அது கிடைக்க வாரக்கணக்குல ஆகலாம், ரோட்டோரம் வச்சிட்டுப் போனா ஃபைன். பால்கனில சேந்திருக்க பாட்டில்களை சூப்பர்மார்க்கெட் ஃபாண்ட் மெஷின்ல போட்டு டெபாசிட் காசைத் திரும்ப வாங்கிடுங்க, ஒரு தடவை மட்டும் யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ணுக்கு 25 சென்ட்.

இப்ப அப்மெல்டுங். வந்தப்ப அன்மெல்டுங், அதாவது அட்ரஸ் பதிவு, பண்ண அதே பியூர்கர்ஆம்ட்ல (ஊர் மக்கள் பதிவு ஆஃபீஸ்), நான் இந்த நாட்டை விட்டுப் போறேன்னு சொல்லி பேரை எடுக்கணும். காலி பண்றதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடில இருந்து காலி பண்ணி ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணலாம், அதுக்கு முன்னாடி போனா திருப்பி அனுப்பிடுவாங்க. நிறைய ஊர்ல தபால்லயும் ஆன்லைன்லயும் பண்ணலாம், ஆனா அந்த சர்டிஃபிகேட் கைக்கு வந்தே ஆகணும், ஏன்னா மத்த எல்லாத்தையும் அதை வச்சுத் தான் நிறுத்தணும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க லேட் ஆகும், ஜூலைலேயே ஆகஸ்ட்டுக்குப் புக் பண்ணிடுங்க.

அந்த ஒரு பேப்பரை ஸ்கேன் பண்ணி அன்னைக்கே மூணு இடத்துக்கு அனுப்புங்க. ஒண்ணு ஹெல்த் இன்சூரன்ஸ், அவங்களுக்கு எக்ஸ்மாட்ரிகுலேஷன் சர்டிஃபிகேட்டும் சேத்து அனுப்பணும், சொல்லாம வந்தா அவங்க பாட்டுக்கு மாசாமாசம் கட்டணம் போட்டுட்டே இருப்பாங்க. டிவி ரேடியோ கட்டணம், அதான் ரூண்ட்ஃபுங்க்பைட்ராக், மாசம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒண்ணு தான்ங்கிறதால ஷேர்ட் ஃப்ளாட்ல உங்க பேர்ல இருந்தா அடுத்த ஆள் பேருக்கு மாத்திட்டு நிறுத்துங்க. மூணாவது விசாவுக்காகப் பணம் போட்டு வச்ச ப்ளாக்ட் அக்கவுன்ட், உள்ள மிச்சம் இருந்தா என்ன ப்ரூஃப் கேக்குறாங்கன்னு முன்னாடியே மெயில் போட்டு வச்சுக்கோங்க. இன்சூரன்ஸ் ஓடிட்டு இருக்கும்போதே பல் செக்கப்பை முடிச்சிடுங்க, பாக்கி இருக்க ஊசி போட்டுக்கோங்க, டாக்டர் ரிப்போர்ட் எதுவும் இருந்தா காப்பி வாங்கிக்கோங்க.

ஜிம்மை மறந்துடாதீங்க. ஊரை விட்டுப் போறேன்னு சொன்னா கான்ட்ராக்ட்ட நிறுத்தியே ஆகணும்னு அவங்களுக்குக் கட்டாயம் கிடையாது, கோர்ட்டே 2016ல அப்படித் தான் சொல்லிடுச்சு, அதனால முடியுற தேதி எதுன்னு இன்னைக்கே பாத்து நோட்டீஸ் குடுங்க. நாடு முழுக்க லோக்கல் பஸ் ட்ரெயின்ல போற மாசப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் தனியா எடுத்திருந்தா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணா தான் மாசக் கடைசில நிக்கும். யுனிவர்சிட்டி தர்ற பஸ் ட்ரெயின் பாஸான செமஸ்டர் டிக்கெட் வச்சிருக்கவங்க எக்ஸ்மாட்ரிகுலேஷன் தேதியை அவசரப்பட்டு முன்னாடி வைக்காதீங்க, செமஸ்டர் செப்டம்பர் 30 வரைக்கும், எக்ஸாம் முடிஞ்சு நீங்க சுத்துற நாள்ல தான் அந்த டிக்கெட் ரொம்ப உதவும். ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டுல எந்தத் தேதி வரைக்கும் போட்டிருக்குன்னும் பாத்துக்கோங்க, அதுக்குள்ள வெளிய போயிருக்கணும்.

பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் உடனே மூடாதீங்க, இதை அழுத்திச் சொல்றேன். டெபாசிட் திரும்ப வர சில மாசம் ஆகும், வீட்டு செலவுக் கணக்கு முடிச்சு மிச்சம் வரும், டாக்ஸ் ரீஃபண்ட் வரும், எல்லாமே ஐபான் நம்பருக்கு, அதாவது ஐரோப்பிய பாணி பேங்க் அக்கவுன்ட் நம்பருக்குத் தான் அனுப்புவாங்க. நம்ம ஊர் அக்கவுன்ட்டுக்கு ஐபான் கிடையாது, அங்க இருக்க வயசான ஓனர் கிட்ட ஸ்விஃப்ட் கோட் சொல்லி அனுப்பச் சொன்னா அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். மாசச் சார்ஜ் இல்லாத அக்கவுன்ட்டான்னு பாத்துக்கோங்க, அட்ரஸை இந்தியாவுக்கு மாத்துங்க. பேங்க் ஆப் அந்த ஜெர்மன் நம்பர்ல ஓடுதுன்னா சிம்மை உயிரோட வைங்க, ப்ரீபெய்ட் சிம் ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாம விட்டா கட் ஆயிடும், அப்புறம் ஓடிபி வராம பணம் உள்ளேயே மாட்டிக்கும்.

வேலை பாத்தவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். சம்பளத்துல லோன்ஷ்டொயர், அதாவது வருமான வரி, பிடிச்சிருந்தா அதைத் திரும்ப வாங்கலாம், 2025க்கு 12,096 யூரோ வரைக்கும் வருமான வரி கிடையாது, நீங்க ஒரு வருஷத்துல அவ்வளவு சம்பாதிச்சிருக்க மாட்டீங்க. வரித் துறையோட எல்ஸ்டர் போர்ட்டல்ல நீங்களே ஃபைல் பண்ணலாம், நாலு வருஷம் டைம் இருக்கு, ஆனா எல்ஸ்டர் அக்கவுன்ட் திறக்குறதுக்கான கோட் தபால்ல தான் வரும், அதனால ஜெர்மன் அட்ரஸ் இருக்கும்போதே திறந்து வைங்க. பென்ஷனுக்குப் பிடிச்சதையும் வெளிய வந்து 24 மாசம் கழிச்சு திருப்பிக் கேக்க வழி இருக்கு, அந்த சோஷியல் செக்யூரிட்டி நம்பர் போட்ட லெட்டரையும் 11 இலக்க டாக்ஸ் ஐடி லெட்டரையும் பாஸ்போர்ட் மாதிரி பத்திரமா வைங்க.

இதெல்லாம் சீக்கிரம் முடிங்கன்னு நான் விரட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கடைசி நாலு வாரம் ஆஃபீஸ் ஆஃபீஸா அலைஞ்சிட்டு இருந்தா மனுஷங்களைப் பாக்க நேரம் இருக்காது, ஜெர்மனியில மனுஷங்களைப் பாக்கவும் முன்கூட்டியே டைம் வாங்கணும். எக்ஸாம் முடிஞ்ச அடுத்த நாளே பாதிப் பேர் அவங்க ஊருக்குப் போயிடுவாங்க, ஸ்பெயின், பிரேசில்ல இருந்து வந்த பசங்க வேற வேற தேதில கிளம்புவாங்க, எல்லாரும் ஒரே ஊர்ல இருக்க கடைசி வாரம் எதுன்னு கேட்டு அந்த வாரத்துல ஒரு நாளைப் பிடிங்க. மூணு வாரம் முன்னாடியே சொல்லுங்க, எத்தனை மணிக்குன்னு சரியா சொல்லுங்க. ஹாஸ்டல் கிச்சன்லயே பெரிய பாத்திரத்துல சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் போதும், மிளகாயை மட்டும் பாதியாக்குங்க, அப்பளம் பொரியுறதைப் பாக்கவே சுத்தி வந்து நிப்பாங்க. வீகன் யாரு, கடலை அலர்ஜி யாருக்குன்னு கேட்டுக்கோங்க. உங்களுக்கு முதல் நாள் அன்மெல்டுங்குக்குக் உதவிக்குன்னு கூடவே வந்து உக்காந்த ஸ்டூடன்ட் ஒருத்தர் இருப்பாங்களே, அவங்களை அந்தக் கூட்டத்துல சேக்காம தனியா ஒரு நாள் காபிக்குக் கூட்டிட்டுப் போங்க, கைப்பட ஒரு கார்டு எழுதிக் குடுங்க, அங்க கார்டுக்கு ரொம்ப மரியாதை.

கடைசி மாசம் ஐரோப்பா முழுக்க ஓடுறதை நான் வேண்டாம்னு தான் சொல்லுவேன். பாரிஸுக்கு வேலைக்குப் போனப்புறமும் டிக்கெட் எடுக்கலாம், ஆனா ஒரு ஊர்ல குடியிருக்கிற வாழ்க்கை இந்த மாசத்தோட முடிஞ்சுது. டிரெஸ்டன்ல இருக்கவங்க எஸ்1 ட்ரெயின் ஏறி குர்ஓர்ட் ராட்டன்ல இறங்குங்க, அங்க இருந்து எல்பே ஆத்தை ஃபெர்ரில தாண்டி பாஸ்டை பாறைக்கு ஏறுங்க, வீக்கென்ட் கூட்டத்துல போகாம ஒரு வார நாள் காலைல. சாயங்காலம் நோய்ஷ்டாட் பக்கம் ஆத்தோரப் புல்வெளில உக்காந்தா எதிர்க்கரைல ஃப்ராவன்கிர்ஹ சர்ச்சோட டோம் தெரியும், கோடைல அந்தக் கரையிலேயே பெரிய ஸ்க்ரீன் கட்டி படம் போடுவாங்க. வேற ஊர்ல இருக்கவங்க உங்க ஊரோட இந்த மாதிரி இடத்தை உங்க ஃப்ளாட்மேட் கிட்ட கேளுங்க, அவங்க கூடவே வருவாங்க.

ஊருக்கு வந்தப்புறம் முதல் ரெண்டு வாரம் எல்லாரும் கேப்பாங்க, பிரியாணி கிடைக்கும், நல்லா இருக்கும். அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க, உங்களுக்கு மட்டும் தினமும் அந்த ஊர் ஞாபகம் வரும், காலேஜ்ல பேட்ச் பசங்க ப்ளேஸ்மென்ட் பேச்சுல இருப்பாங்க, நீங்க ரெண்டு பக்கமும் ஒட்டாத மாதிரி இருக்கும். நிறைய பேருக்கு இப்படி ஆகுது, சில மாசம் எடுக்கும், உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல. அங்க போயிட்டு வந்த சீனியர்ஸ் கூட பேசுங்க, அவங்களுக்கு ஒரே வரில புரியும். சென்னைல இருந்தா நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்ல அடுத்த லெவல் ஜெர்மன் கிளாஸ் சேந்துடுங்க, வாரத்துல ரெண்டு நாள் அந்த பாஷை பேச இடம் கிடைக்கும், மொழியும் துருப்பிடிக்காது. மாஸ்டர்ஸுக்குத் திரும்பப் போற ஐடியா இருந்தா நம்ம மார்க் பேப்பரெல்லாம் நிஜம்னு சரிபாத்துத் தர்ற ஏபிஎஸ் சர்டிஃபிகேட் வேணும், அதுக்கு நேரம் எடுக்கும், நிறைய கோர்ஸுக்கு வின்டர் செமஸ்டர் கடைசித் தேதி ஜூலை 15, சில கோர்ஸுக்கு அதுக்கும் ரொம்ப முன்னாடி, அதனால வந்த கையோட டிசம்பருக்குள்ள ஏபிஎஸ் ஃபைலை அனுப்பிடுங்க.